ஆப்பசைத்த குரங்கும் எட்டுக்கு நாலு ஷீட்டும்

எங்கள் ஊர் நூலகத்துக்குப் புத்தக அலமாரி செய்துகொடுக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினாலு பேர் கூடினோம். கல்லூரி மாணவர்கள் ஒன்பது பேர், இரண்டு ஆசிரியைகள், ஒரு வங்கி ஊழியர், மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், மேற்பார்வை என்ற பெயரில் நான். ஒன்பது ஷீட் பிளைவுட், வாடகைக்கு எடுத்த ஏழேகால் இஞ்ச் சர்க்குலர் சா ஒன்று. இடம், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். ஆசாரி பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் ஒன்பதரைக்கே ஆரம்பித்துவிட்டோம். தன்னார்வலர்களிடம் மற்றது எதற்குப் பஞ்சம் இருந்தாலும் ஆர்வத்துக்குப் பஞ்சம் இருக்காது.

பந்தி மேஜை இரண்டைத் தள்ளித் தள்ளிப் போட்டு, நடுவில் ஷீட்டைப் பாலம் மாதிரி வைத்தோம். குறுக்கே பென்சில் கோடு. கொஞ்சம் கைப்பழக்கம் உள்ள மாணவன் ஒருவன் ரம்பத்தைப் பிடித்தான். பாதிதூரம் ஒழுங்காகப் போனது. நடுப்பகுதி தொய்வதைப் பார்த்த வங்கி ஊழியர், பலகை ஒடிந்துவிடப் போகிறதே என்று எதிர்முனையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். ரம்பத்தின் சத்தம் சட்டென்று உறுமலாக மாறியது. அடுத்த கணம் அது வெட்டிலிருந்து எகிறி, பலகையின் மேல் ஒரு சாண் நீளத்துக்கு உழுதுகொண்டே பையனை நோக்கி வந்தது. அவன் சுவிட்சை விட்டுவிட்டான். ரம்பம் அவன் இடுப்புக்கு அரையடி முன்னால் நின்றது. பிளேடு மட்டும் ஓய்வதற்கு மனமில்லாமல் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சநேர அமைதிக்குப் பிறகு எல்லாரும் ஒரே தீர்ப்பைச் சொன்னோம்: பிளேடு மொக்கை. பத்து மணிக்கு வந்த ஆசாரி பிளேடைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மேஜைகளைப் பார்த்தார், பலகையில் விழுந்த காயத்தைப் பார்த்தார். "அந்தப் பக்கம் தூக்குனது யாரு?" என்று கேட்டார்.

"நான்தாண்ணே. தொங்குதேன்னு ஒரு கை குடுத்தேன்."

"நல்லா குடுத்தீங்க தம்பி" என்றார் ஆசாரி.

ஆசாரி கேட்ட அந்த ஒரு கேள்வியின் இயற்பியல் நமக்கெல்லாம் பிள்ளைப் பருவத்திலிருந்தே தெரியும். பஞ்சதந்திரத்தில் வரும் குரங்குக் கதைதான். தச்சர்கள் ஒரு மரத்தைப் பாதி அறுத்து, பிளவில் ஆப்பைச் செருகிவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். குரங்கு வந்து மரத்தின்மேல் உட்கார்ந்து ஆப்பைப் பிடுங்குகிறது. பிளவு மூடிக்கொள்கிறது. 'ஆப்பசைத்த குரங்கு' என்று பழமொழியே ஆகிவிட்டது. வேண்டாத வேலையில் தலையிடாதே என்று நமக்கு நீதி சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அந்த ஆப்பு அங்கே எதற்கு இருந்தது என்று எந்த வாத்தியாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது: அறுத்த மரம் தன் வாயை மூடப் பார்க்கும். அதைத் திறந்து வைத்திருப்பது தச்சனின் வேலை.

ரம்பம் போன தடத்தை இந்த அத்தியாயத்தில் வெட்டுவாய் என்று சொல்லிக்கொள்வோம். பிளேடின் பற்கள் அதன் உடலைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கும். பற்கள் இரண்டரை மில்லிமீட்டர் அகலத்துக்கு வழி வெட்டினால், பின்னால் வரும் உடல் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் இருக்கும். ஆக, பிளேடின் இருபக்கமும் சேர்த்து மிஞ்சும் இடம் முக்கால் மில்லிமீட்டர். ஒரு விசிட்டிங் கார்டு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் செருகலாம், அவ்வளவுதான். சர்க்குலர் ரம்பத்தோடு நமக்குள்ள சமாதானம் முழுவதும் இந்த இரண்டு கார்டு இடைவெளியில்தான் இருக்கிறது.

இப்போது பலகையைப் பார்ப்போம். எட்டடி நீளம், நாலடி அகலம், 18 மி.மீ. கனம். ஒரு ஷீட் சுமார் 35 கிலோ. இரண்டு முனையை மட்டும் தாங்கி நடுவை அந்தரத்தில் விட்டால், தன் எடையிலேயே ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் தொய்யும். உத்தரம் வளைவதற்கான பள்ளிக்கூடச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் வரும் கணக்கு இது. தொய்ந்த பலகையின் அடிப்பக்கம் இழுபடுகிறது, மேல்பக்கம் நெருக்கப்படுகிறது. கயிற்றுக்கட்டிலில் படுத்தவரின் தோள்கள் உள்நோக்கி நெருங்குவது போல. அந்த நெருக்கப்பட்ட மேல்பக்கத்தில்தான் நாம் வெட்டுகிறோம்.

வெட்ட வெட்ட என்ன ஆகிறது? முழு அகலமும் சேர்ந்து சுமந்த பாரத்தை இப்போது வெட்டாத மிச்சம் மட்டும் சுமக்கிறது. பாதி வெட்டியாகிவிட்டால் அந்த இடத்தில் வளைவு இரட்டிப்பாகிறது. நடுத் தொய்வு மூன்று சென்டிமீட்டரை நெருங்கும்போது, இரண்டு துண்டுகளும் ஒரு கீல் போல மடங்கி, வெட்டுவாயின் மேல்விளிம்புகள் அந்த முக்கால் மில்லிமீட்டரைத் தின்று முடித்துவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு நல்ல மனிதர் எதிர்முனையைத் தூக்கினால்? இரு முனையும் உயர, நடு தாழ, 'வி' வடிவம் இன்னும் கூர்மையாகிறது. திறந்த புத்தகத்தின் அட்டைகளை மேலே தூக்கினால் அது மூடிக்கொள்வதைப் போல. எங்கள் வங்கி நண்பர் அன்று ரம்பத்தை நடுவில் வைத்துப் புத்தகத்தை மூடினார்.

கைரம்பம் என்றால் இது ஒரு சங்கடமே இல்லை. வாள் இறுகும், தள்ள முடியாது, ஆசாரி திட்டிக்கொண்டே ஒரு ஆப்பைச் செருகுவார். கைக்குத் தெரிந்த அளவு விசைதான் வாளுக்கும் தெரியும். மின்ரம்பத்துக்கு வேறு குணம். அதைப் புரிந்துகொள்ள உங்கள் வீட்டு மிக்ஸி போதும்.

மிக்ஸிக்குள்ளும் கைப்பிடி ரம்பத்துக்குள்ளும் இருப்பது ஒரே ஜாதி மோட்டார். கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். அதன் சுபாவம் விசித்திரமானது: சும்மா சுற்றும்போது மிக வேகமாக, கொஞ்சமான திருகுவிசையோடு சுற்றும். தடுக்கத் தடுக்க வேகம் குறையும், திருகுவிசையோ கூடும். தேங்காய்ச் சில்லு சிக்கிக்கொண்டால் ஜார் உறுமுகிறதே, அதுதான். நிறுத்தப் பார்க்கும்போதுதான் அது உச்சபட்சப் பலத்தோடு முட்டும். மிக்ஸியில் கொஞ்சநேரம் உறுமிவிட்டு அடியில் உள்ள சிவப்புப் பொத்தான் தெறித்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ரம்பத்தில் கதை அதற்கெல்லாம் காத்திருக்காது.

கொஞ்சம் எண்கள். ஏழேகால் இஞ்ச் பிளேடின் விட்டம் 184 மி.மீ. நிமிடத்துக்கு 5,500 சுற்று என்று கொண்டால், பல்லின் நுனி நொடிக்கு 53 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 190 கிலோமீட்டர். அரைக் கிலோ எடையுள்ள பிளேடில் மட்டும் சுமார் 350 ஜூல் ஆற்றல் சேர்ந்திருக்கும். பத்துக் கிலோ அரிசி மூட்டையை மாடியிலிருந்து மூன்றரை மீட்டர் கீழே போட்டால் தரையில் இறங்கும் ஆற்றல் அது. இதில் மோட்டாரின் பங்கை நான் சேர்க்கவே இல்லை. ஏதோ தவறு என்று மூளை உணர்ந்து விரலுக்குச் சொல்லி விரல் சுவிட்சை விட, வேகமான ஆளுக்கும் கால்நொடியை ஒட்டி ஆகும். அதற்குள் பிளேடு இருபது சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். 'பார்த்து வெட்டுப்பா' என்று நாம் சொல்லும் அறிவுரைக்கு எவ்வளவு மதிப்பு என்று இதில் தெரிந்துகொள்ளலாம். பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு செய்வதற்கு நேரமே இல்லை.

இனி, அது ஏன் பின்னோக்கி வருகிறது என்பது. கைப்பிடி சர்க்குலர் ரம்பத்தில் பிளேடின் முன்விளிம்புப் பற்கள் கீழிருந்து மேலே ஏறும். பின்விளிம்புப் பற்கள் மேலிருந்து கீழே இறங்கும். அடிப்பகுதி, வெட்டுகிறவரை விட்டு விலகி முன்னால் ஓடும். ஒழுங்கான வெட்டில் முன்பற்கள் மரத்தை மேலே இழுப்பதால், எதிர்வினையாக ரம்பம் பலகையோடு அழுந்தி உட்கார்கிறது. நல்லது. ஆனால் வெட்டுவாய் மூடும்போது முதலில் இறுகுவது பின்பாதி, ஏனென்றால் வாய் திறந்திருப்பது அங்கேதான். இறங்குகிற பின்பற்கள் மரத்தைக் கடிக்கின்றன. மரம் கீழே போகாது, ஆகவே ரம்பம் மேலே எழும்புகிறது. எழும்பியதும் பிளேடின் அடி பலகையின் மேற்பரப்பைத் தொடுகிறது. அப்போது அது பிளேடு அல்ல, பல் முளைத்த சக்கரம். ரிவர்ஸ் கியரில் உள்ள சக்கரம். வண்டி யாரை நோக்கி உருளும் என்று சொல்லத் தேவையில்லை. ஆசாரிகள் இதை 'மெஷின் உதைக்கும்' என்று இரண்டு சொல்லில் சொல்லிவிடுவார்கள்.

உதைக்கும் ரம்பம் வெட்டுக்கோட்டின் நேர்ப்பாதையிலேயே பின்னால் வரும். நம் ஊரில் தரையில் குத்தவைத்து வேலை செய்யும் பழக்கம். கோட்டுக்கு நேராகக் குத்தவைத்தால் பாதையின் கடைசியில் இருப்பது தொடை. தொடையின் உட்பக்கம் ஓடும் பெரிய தமனி அறுபட்டால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடியலாம். உடம்பைக் கோட்டுக்கு ஒரு பக்கமாக வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. இந்தத் தொழிலில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் பாதுகாப்பு வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

வட்ட ரம்பம் பழைய சாமான். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் சாமுவேல் மில்லர் என்பவர் 1777-இல் வாங்கிய காப்புரிமையிலேயே அது வருகிறது. ஆனால் அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக்கு ரம்பம் ஒரு மேஜையில் நிலையாக இருந்தது, மரம் அதைத் தேடி வந்தது. மரத்தைத் தாங்குவது மேஜையின் பொறுப்பு. 1920-களில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் மிஷல் என்பவர், தொழிலாளர்கள் அரிவாளால் கரும்பு வெட்டிக் களைப்பதைப் பார்த்து, அரிவாளோடு மோட்டாரை இணைக்க முயன்றார். அந்த யோசனை கரும்பில் பலிக்கவில்லை, மரத்தில் பலித்தது. அப்படிப் பிறந்ததுதான் 'ஸ்கில்சா'. ரம்பம் மரத்தைத் தேடி நடக்க ஆரம்பித்தது. எல்லாரும் இதைச் சுதந்திரம் என்று கொண்டாடினார்கள், சுதந்திரம்தான். ஆனால் மேஜை இல்லாமல் போனபோது, மேஜை பார்த்துவந்த வேலையும் அனாதையாகிவிட்டது. மரத்தை இனி யார் தாங்குவது? எங்கள் மண்டபத்தில் அந்த வேலைக்கு இரண்டு பந்தி மேஜையும் ஒரு வங்கி ஊழியரும்.

பிளைவுட்டின் கதை கொஞ்சம் தனி. மெல்லிய மரத்தகடுகளை ஒன்றின் இழை நெடுக்காக, அடுத்ததன் இழை குறுக்காக வைத்துப் பசைபோட்டு அழுத்தியது. தகடுகளின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒற்றைப்படையில் இருக்கும், அப்போதுதான் இரு முகமும் ஒரே போக்கில் இழுத்து, பலகை முறுக்கிக்கொள்ளாமல் நிற்கும். 1905-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் நடந்த ஒரு பெரிய கண்காட்சியில் மூன்றடுக்குப் பலகையைக் காட்சிக்கு வைத்த பிறகுதான் அங்கே அது தொழிலாக வளர்ந்தது. நம் பேச்சுக்கு முக்கியமானது, அந்தக் குறுக்குநெடுக்கு அமைப்பு தரும் ஒரு நற்செய்தி. முழுமரத்தில் வளர்ந்த காலத்தின் இறுக்கமும் காய்ந்த காலத்தின் இறுக்கமும் உள்ளே அடைபட்டிருக்கும். எவ்வளவு ஒழுங்காகத் தாங்கினாலும் அறுக்கும்போது அது விடுபட்டு வாயை மூடலாம். பஞ்சதந்திரக் குரங்கு உட்கார்ந்தது அப்படிப்பட்ட மரத்தில். பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடுவதால் உள்ளிறுக்கம் மிகக் குறைவு. ஆகவே பிளைவுட்டில் வெட்டுவாய் மூடினால் பெரும்பாலும் குற்றவாளிகள் இருவர்தான்: புவியீர்ப்பு, மனிதக் கை. இருவரையும் சமாளிக்கலாம்.

எனக்கு முதலில் தோன்றிய வழி தெர்மோகோல். ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் அளவில் இரண்டு இஞ்ச் கனத்தில் ஆறு அட்டை வாங்கித் தரையில் பரப்பினால் ஒரு முழு ஷீட்டும் அதன்மேல் படுத்துக்கொள்ளும். பிளேடு பலகையைத் தாண்டித் தெர்மோகோலில் கொஞ்சம் இறங்கும். எந்த இடமும் அந்தரத்தில் இல்லை, வெட்டு முடிந்த பிறகும் இரண்டு துண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இதை ஆசாரியிடம் சொன்னபோது, "வைகை அணைக்கு வாங்குனது மிச்சம் இருக்கா சார்?" என்று கேட்டார். தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அந்த அணையில் தெர்மோகோல் மிதக்கவிட்ட கதையைத்தான் சொன்னார். வெள்ளைப் பொடி பறந்து மூக்கிலும் சட்டையிலும் ஒட்டி, மண்டபத்துக்காரரிடம் நாங்கள் வாங்கப்போகும் வசவையும் சேர்த்துப் பார்த்தால் அவர் சொன்னது நியாயம்.

அவர் கொண்டுவந்தது நாலு ரீப்பர், அதாவது மரச்சட்டம். இரண்டு இஞ்சுக்கு ஒன்றரை இஞ்ச், ஒரே உயரம், ஒவ்வொன்றும் வெட்டின் நீளத்துக்கு மேல். தரையில் வெட்டுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நாலு விரல் தள்ளி ஒன்று, அந்தப் பக்கம் நாலு விரல் தள்ளி ஒன்று, இரு கடைசியிலும் ஒவ்வொன்று. மேலே ஷீட். வெட்டு முடியும்போது இரண்டு துண்டுக்கும் தலா இரண்டு கால். எதுவும் தொங்காது, எதையும் யாரும் பிடிக்க வேண்டாம். இரண்டே ரீப்பர் போதுமே என்று நான் கேட்டேன். ஓரத்தில் உள்ள இரண்டை எடுத்துவிட்டு, "வெட்டி முடிச்சதும் துண்டு ரெண்டும் வெளிப்பக்கம் சரியும், கடைசி அரை இஞ்ச் பிச்சுக்கிட்டு வரும்" என்று காட்டினார். அதையும் நினைத்துப் பாருங்கள்: வெளிப்பக்கம் சரிந்தால் வாய் திறக்கும், பிளேடு பிழைக்கும், பலகையின் கடைசி ஓரம் கிழியும். உள்பக்கம் தொய்ந்தால் வாய் மூடும், பலகை அழகாக இருக்கும், வெட்டுகிறவர் பிழைப்பது நிச்சயமில்லை. நாலு ரீப்பரில் இரண்டு கவலையும் போய்விடுகிறது.

பிளேடு எவ்வளவு இறங்க வேண்டும் என்பதில் புதியவர்கள் எல்லாரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். முழுசாக இறக்கிவிடுகிறார்கள், ஏதோ அதிகம் இறங்கினால் நன்றாக வெட்டும் என்பது போல. பலகையின் அடியில் ஒரு பல் அளவு, ஐந்தாறு மில்லிமீட்டர், எட்டிப் பார்த்தால் போதும். வெட்டுவாய்க்குள் எவ்வளவு குறைவான பிளேடு இருக்கிறதோ, பிடித்துக்கொள்ள அவ்வளவு குறைவான பரப்பு. அடியில் தெரியாத்தனமாகக் கை நீட்டியவருக்கும் நாற்பது மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதற்குப் பதில் ஆறு மில்லிமீட்டர்.

நேர்கோட்டுக்கு, கொத்தனார்கள் மட்டம் பிடிக்கும் அலுமினியப் பட்டியை இரண்டு சி கிளாம்ப் போட்டு இறுக்கி, ரம்பத்தின் அடித்தட்டை அதில் ஒட்டி ஓட்டுவது அழகுக்காக மட்டும் அல்ல. கோடு வளைந்தால் பிளேடு வெட்டுவாயில் கோணலாகி, பலகை தொய்யாமலேயே இறுகும். கோடு விலகிவிட்டது என்று ஓடுகிற ரம்பத்தைத் திருகித் திருத்தப் பார்ப்பவர்தான் அடிக்கடி உதை வாங்குகிறவர். நிறுத்தி, பிளேடு ஓய்ந்ததும் எடுத்து, பின்னாலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். இன்னொன்று, முன்பற்கள் கீழிருந்து மேலே வருவதால் சிலாம்பு பெயர்வது மேல்முகத்தில். ஆகவே நல்ல முகத்தைக் கீழே கவிழ்த்துப் போடுங்கள். கைரம்பம் தள்ளும்போது வெட்டுவதால் அதற்கு நேர் எதிர், நல்ல முகம் மேலே. பல் எந்தத் திசையில் மரத்தைவிட்டு வெளியேறுகிறதோ அந்தப் பக்கம் பெயரும், இதை மட்டும் நினைவில் வைத்தால் எந்த ரம்பத்துக்கும் விடை கிடைக்கும்.

எங்களிடம் ஒழுங்கான சர்க்குலர் சா இருந்தது அதிர்ஷ்டம். நம் ஊரில் பெரும்பாலான பிளைவுட் வெட்டப்படுவது அதில் இல்லை. டைல்ஸ் வெட்டும் நாலு இஞ்ச் கட்டிங் மெஷினில் மரப் பிளேடைப் போட்டு வெட்டுகிறார்கள். விலை குறைவு, எடை குறைவு, ஒற்றைக் கையில் அடங்கும். சின்ன மெஷின்தானே என்ற நினைப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 110 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 13,000 சுற்று. பல்நுனி வேகம் மணிக்கு சுமார் 270 கிலோமீட்டர், பெரியதைவிட வேகம். ஒற்றைக் கையில் அடங்குவதால் மற்றக் கை சும்மா இருக்காது, பலகையைப் பிடிக்கப் போகும், அதுவும் கோட்டுக்குப் பக்கத்தில். சுவிட்சை அழுத்திவைத்துப் பூட்டும் பொத்தானும் பலவற்றில் உண்டு. கை நழுவினாலும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். முப்பது வருடம் தொழில் செய்த ஆசாரி அதில் சித்திரமே வரைவார். அவரைப் பார்த்து முதல்நாள் தன்னார்வலர் அதை எடுப்பதை நான் ஏற்க மாட்டேன். ஆங்கிள் கிரைண்டரில் பல் வைத்த மரப் பிளேடை மாட்டுவது இன்னும் மோசம். அதைச் செய்யாதே என்று கிரைண்டரோடு வரும் கையேட்டிலேயே இருக்கும், நாம் அந்தக் காகிதத்தை அட்டைப்பெட்டியோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடுகிறோம். சர்க்குலர் சாவின் அடிமூடியை, பிளேடு தெரியவில்லை என்று கம்பிபோட்டு மேலே தூக்கிக் கட்டுகிறவர்களைப் பற்றி எழுதினால் இந்த அத்தியாயத்தின் தொனி கெட்டுவிடும்.

பிளேடு மனித விரலைத் தொட்ட கணமே நின்றுவிடாதா? நிற்கும் ரம்பம் உண்டு. அமெரிக்காவில் இயற்பியல் படித்துக் காப்புரிமை வழக்கறிஞரான ஸ்டீவ் கேஸ் என்பவர் 1999-இல் இதை யோசித்தார். பிளேடில் மெல்லிய மின்சமிக்ஞை ஒன்றை ஓடவிட வேண்டும். மரத்தைவிட மனித உடம்பு மின்னூட்டத்தை நன்றாக உள்வாங்கும், தொட்டதும் சமிக்ஞை சரியும். உடனே ஒரு அலுமினியக் கட்டை பிளேடில் பாய்ந்து கடித்துக்கொள்ளும். ஐந்து மில்லிநொடிக்குள் எல்லாம் முடியும், விரலில் கீறல் மட்டும் மிஞ்சும். சாசேஜ் வைத்துச் செய்துகாட்டியவர், கடைசியில் தன் விரலையே நீட்டிச் சோதித்தார். 'சாஸ்டாப்' என்ற பெயரில் அது விற்பனையில் இருக்கிறது. ஆனால் அது மேஜை ரம்பத்துக்கானது, விலையும் கொஞ்சநஞ்சம் அல்ல. அந்த மேஜை ரம்பங்களில் இன்னொரு உறுப்பும் இருக்கும்: பிளேடுக்குப் பின்னால், அதே வளைவில், வெட்டுவாய்க்குள் நுழைந்து நிற்கும் ஒரு எஃகுத் தகடு. அறுபட்ட இரு பக்கமும் மூடாமல் அது தடுத்துக்கொண்டே வரும். எனக்கு மின்னணு மாயத்தைவிட இதன்மேல்தான் அபிமானம். பஞ்சதந்திரத்துத் தச்சன் விட்டுச்சென்ற ஆப்பேதான், குரங்கு பிடுங்க முடியாதபடி நட்டு போட்டு முடுக்கியிருக்கிறார்கள்.

மூக்கையும் காதையும் பற்றிச் சுருக்கமாக. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. பிளைவுட் பசையிலுள்ள ஃபார்மால்டிஹைடும் அதே பிரிவுதான். ஒருநாள் வேலையில் ஒன்றும் ஆகிவிடாது, ஆனாலும் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்க வேண்டாம், நுண்துகள் அதில் நிற்காது, நல்ல மாஸ்க் வேண்டும். ரம்பச் சத்தம் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தொடும். அந்த அளவுக்குக் காது தாங்க அமெரிக்கத் தொழில்நலக் கணக்கு தரும் நேரம் நாளொன்றுக்கு 15 நிமிடம்.

கூட்டமாக வேலை செய்வதில்தான் எனக்கு உண்மையான கவலை. தனியாக வெட்டும் ஆசாரிக்கு எதிரி ஒருவர், பலகை. தன்னார்வலருக்குப் பதின்மூன்று நண்பர்கள். ஒருவர் விழும் துண்டைப் பிடிக்க ஓடிவருவார். ஒருவர் வயரை நகர்த்துவார். ஒருவர் போட்டோ எடுக்கக் குனிவார். ஒருவர் தோளைத் தொட்டு "டீ வந்துருச்சு" என்பார். அன்று நாங்கள் எல்லாரும் கழுத்தில் நாடா போட்டு அடையாள அட்டை மாட்டியிருந்தோம். குனிந்தால் அது பிளேடின் உயரத்துக்குத் தொங்கும். ஆசாரி முதலில் கழற்றச் சொன்னது அதைத்தான். பிறகு துப்பட்டா, வளையல், கையுறை. கையுறை பாதுகாப்பாயிற்றே என்று ஒரு மாணவி கேட்டாள். "பல்லு தோலைத் தொட்டா தோல் அறும் பாப்பா. துணியைத் தொட்டா கையவே சுருட்டி உள்ள இழுக்கும்" என்றார்.

மின்வாரியப் பெரியவர் தன் பங்குக்கு, சுருட்டிக் கிடந்த எக்ஸ்டென்ஷன் வயரை முழுசாக அவிழ்க்க வைத்தார், சுருளிலேயே ஓட்டினால் அது அடுப்பாகிவிடும் என்று. பிளேடில் கை வைப்பதானால் பிளக்கைப் பிடுங்கி, பிளக் தன் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். சுவிட்சை அணைத்தால் போதாதா? "அணைச்சவர் டீ குடிக்கப் போயிருப்பார், போட வர்றவருக்கு என்ன தெரியும்?" நாற்பது வருடம் கம்பத்தில் ஏறியவர்களிடம் இப்படிப்பட்ட கேள்விகள் நிறைய இருக்கும்.

எல்லாம் மீறி விரல் துண்டாகிவிட்டால் என்ன செய்வது என்பதையும் வேலை தொடங்குமுன்பே பேசிவிடுவது நல்லது, அப்புறம் யாருக்கும் யோசிக்க வராது. காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்த வேண்டும். துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைக்க வேண்டும். துண்டை நேராக ஐஸில் போட்டால் திசு உறைந்து செத்துவிடும். விரலுக்குள் தசை கிடையாது. அதை அசைக்கும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. தசைதான் ரத்தமில்லாமல் சீக்கிரம் அழியும், ஆகவே குளிரில் வைத்த விரல் பல மணிநேரம் காத்திருக்கும். 1965-இல் ஜப்பானில் கொமாட்சுவும் தமாயும் முழுதாகத் துண்டான கட்டைவிரலை நுண்ணோக்கியின் கீழ் ரத்தக் குழாய்களைத் தைத்து ஒட்டவைத்தார்கள். இன்று சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது, கோவையிலும் இதில் பேர்போன மருத்துவமனை உண்டு. 108-ஐ அழைக்கும்போதே விரல் துண்டாகியிருக்கிறது என்று சொல்லிவிட்டால், சரியான இடத்துக்கு நேராகப் போகலாம்.

மதியத்துக்குள் ஒன்பது ஷீட்டில் ஆறு முடிந்தது. வெட்ட ஒருவர், சுவிட்ச்போர்டு பக்கத்தில் பெரியவர், மற்ற எல்லாரும் சுண்ணாம்புக்கட்டியால் போட்ட கோட்டுக்கு வெளியே. காலையில் உதை வாங்கியிருக்க வேண்டிய பையனே மறுபடி ரம்பத்தைப் பிடித்தான், இப்போது கோட்டுக்கு இடப்பக்கமாக மண்டியிட்டு. வங்கி ஊழியருக்குச் சும்மா நிற்க முடியவில்லை. கையைப் பிசைந்துகொண்டு கோட்டின் ஓரத்திலேயே நின்றார். ஆசாரி ஒரு ரீப்பர்த் துண்டைச் சீவி, கட்டைவிரல் அளவுக்கு இரண்டு ஆப்பு செய்து அவரிடம் கொடுத்தார். நீள வெட்டில் பாதி தாண்டியதும் பையன் சுவிட்சை விடுவான். பிளேடு முழுசாக நின்ற பிறகு நண்பர் உள்ளே போய் வெட்டுவாயில் ஒரு ஆப்பைச் செருகி, மெல்லத் தட்டிவிட்டு வெளியே வருவார். மூன்றாவது ஷீட்டிலேயே அவருக்கு அது கைவந்துவிட்டது.

"காலையில இருந்து எல்லாருக்கும் நான்தான் ஆப்பு வெக்கிறேன்" என்று பந்தியில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார். சாம்பார் வாளியோடு வந்த ஆசிரியை விஷயம் தெரியாமல் அவரைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார். சாயங்காலம் கணக்கு எடுத்தபோது ஒரு ஆப்பு குறைந்தது. அவர் சட்டைப் பையில் இருந்தது.